மூடு ஆன்டி

எங்கள் ஊரில் விளக்கை யாரும் அணைப்பதில்லை, மூடுவோம். விசிறியைத் திறப்போம், டிவியைத் திறப்போம், வேலை முடிந்ததும் மூடுவோம். மலாய்க்காரர்களோடு சேர்ந்து வாழ்ந்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று சொல்வார்கள். திருச்சியிலிருந்து வந்திருந்த என் உறவுக்காரி ஒருத்தி, "லைட்ட மூடு" என்று அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, "எதப் போட்டு மூடணும் பெரியம்மா, போர்வையா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. மூடு என்றால் மூடு. எங்கள் பக்கத்து வீட்டு ஆன்டிக்குப் பட்டப் பெயரே அதுதான்.

கிள்ளானிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் சாலையில், வரிசை வீடுகள் நிறைந்த ஒரு குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். தாமான் என்போம். தாமான் முழுக்க அவரை மூடு ஆன்டி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் போகிற பெண்கள் மட்டும், "இன்னிக்கு ஆன்டிக்கு என்ன மூடு?" என்று இரண்டு அர்த்தத்திலும் கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். அவர் காதில் விழுந்திருக்கும். கண்டுகொண்டதில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் கை சுவருக்குப் போய்விடும். பாத்தேக் கைலி, மேலே தொளதொள என்று ஒரு வெள்ளை டீ-சட்டை. கையில் ஒரு கிண்ணம் குழம்போ, முருங்கைக் கீரையோ இருக்கும். அதை நீட்டுவதற்கு முன்னால் கேள்வி வந்துவிடும்.

"அந்த ரூம்ல யாரு?"

"யாரும் இல்ல ஆன்டி."

"அப்பறம் யாருக்கு எரியுது?"

டக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் குழம்பு.

எங்கள் வீட்டில் மட்டும் என்றால் பரவாயில்லை. கோயில் அன்னதானத்தில் கடைசிப் பந்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, எழுந்துபோன வரிசைக்கு மேலே சுற்றிய விசிறிகளை மூடுவார். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையைவிட்டு இறங்கிச் சாப்பிடப் போன நேரம் பார்த்து மேடை விளக்குகளை மூடிவிட்டார். படம் எடுப்பவர் இருட்டில் பெட்டியில் இடித்துக்கொண்டு கத்தினார். "காலி நாற்காலிக்கு எதுக்கு பாஸ் லைட்டு?" என்று இவர் அமைதியாகக் கேட்டார். கஞ்சம் என்று பேசிக்கொண்டார்கள். கஞ்சம் என்றால் தன் வீட்டில்தானே மூடுவார்கள், ஊரார் வீட்டில் ஏன் மூட வேண்டும்? அதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

என் அப்பா இறந்த அன்று ஹாலில் பெட்டியை வைத்திருந்தார்கள். ஆன்டி வந்தார், அப்பா முகத்தைப் பார்த்தார், வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே சமையலறைக்குப் போய் அங்கே வெறுமனே எரிந்த விளக்கை மூடினார். திரும்பி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பழைய பேப்பரை மடித்து எனக்கு விசிறினார். அன்று எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பேப்பர் காற்று முகத்தில் பட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆன்டி இப்படி மூடிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அவர் கணவர், எங்கள் அங்கிள்தான்.

அங்கிளுக்குக் கடலோரத்தில் இருக்கும் மின் நிலையத்தில் வேலை. நிலக்கரியில் ஓடுகிற நிலையம். எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் புகைபோக்கிகள் தெரியும். கப்பலில் வரும் கரியை நீளமான ஒரு பெல்ட் உள்ளே கொண்டுபோகும். போகிற வழியில் கொஞ்சம் சிந்தும். கீழே சிந்தியதை அள்ளி மறுபடியும் பெல்ட்டில் போடுகிற ஆட்களில் அங்கிளும் ஒருவர். நிலையத்தின் ஆள் இல்லை, காண்ட்ராக்டரின் ஆள். வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குள் போகமாட்டார். வாசல் குழாயில் கை கால் முகம் கழுவுவார். அந்தக் கறுப்புத் தண்ணீர் லோங்காங்கில் இறங்கி, என் வீட்டு வாசலைத் தாண்டி ஓடும். சாக்கடை என்று எழுதினால் அந்தத் தண்ணீர் வேறு எங்கோ ஓடுவதுபோல இருக்கிறது. எங்களுக்கு அது லோங்காங்தான்.

"இங்க ஒரு ஃபேன் சும்மா சுத்துனா, அங்க அவரு ஒரு தடவ குனியணும் லா" என்பார் ஆன்டி.

நான் விளக்கம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "கரண்டு அப்படி வராது ஆன்டி. நாடு முழுக்க எங்கெங்கயோ செஞ்சு ஒரே கம்பியில வருது. நம்ம வீட்டு ஃபேனுக்கும் அங்கிளுக்கும் ஒண்ணும் இல்ல."

"தெரியும் லா. நான் என்ன, ஒண்ணும் தெரியாதவளா?" என்பார். சொல்லிவிட்டு மூடுவார்.

தெரியும் என்றால் ஏன் மூடுகிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. கற்பூரத் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்களிடம் நாம் விளக்கமா கேட்கிறோம்? அவர் கணவர் எங்கோ குனிந்துகொண்டிருக்கிறார். இவர் கைக்கு எட்டுவது சுவரில் இருக்கிற சுவிட்ச் மட்டும். அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்தது பிரிக்ஃபீல்ட்ஸில், கூரைகளில் சோலார் பலகை பொருத்தித் தருகிற ஒரு சின்ன கம்பெனியில். தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருவேன். போனில் விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. "மழ பேஞ்சா என்ன மா செய்யறது?" என்று கேட்பார்கள். "ஓட்ட போட்டா கூரை ஒழுகுமா?" என்பார்கள். "பக்கத்து வீட்டுக்காரரு போடட்டும், பாத்துட்டு சொல்றேன்" என்பார்கள். இது பூமிக்கு நல்லது என்று நான் எழுதிவைத்த வரியைச் சொன்னால், "ஆமா மா, ரொம்ப நல்லது" என்று மரியாதையாக ஒப்புக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து போன் வராது. நல்லது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த விஷயம் அத்தோடு முடிந்தது என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

எனக்கு மூச்சிரைப்பு உண்டு. கைப்பையில் மருந்து உறிஞ்சும் பம்ப் இல்லாமல் எங்கேயும் போகமாட்டேன். எங்கள் ஜன்னல் விளிம்பில் காலையில் துடைத்தால் சாயங்காலம் மறுபடியும் கறுப்பாக ஒரு படலம் இருக்கும். அது அந்த நிலையத்திலிருந்துதான் வந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பெரிய சாலை இருக்கிறது, நாள் முழுக்க லோரிகள் ஓடுகின்றன. டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த நிலையத்தை மூடினால் நல்லது என்று நான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆன்டி வீட்டு வாசலில் தொட்டியில் கற்பூரவள்ளி இருந்தது. நான் இரைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற காலைகளில் ஓர் இலையைக் கிள்ளி, தன் டீ-சட்டை ஓரத்தில் துடைத்துவிட்டு நீட்டுவார்.

"மென்னு முழுங்கு மா. மூச்சு தொறக்கும்."

துடைத்த இடத்தில் வெள்ளைச் சட்டையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். அவரும் பார்ப்பார், நானும் பார்ப்பேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் இலையை மென்றுகொண்டே ரயிலுக்கு ஓடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமான் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நிலக்கரியை விட்டுவிட்டுச் சுத்தமான மின்சாரத்துக்கு மாறுவதைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க ஒரு குழு வந்திருந்தது. கறிபாப்பும் தேத்தண்ணியும் உண்டு என்று சொல்லியிருந்ததால் மண்டபம் நிறைந்துவிட்டது. ஆன்டி தேத்தண்ணி ஊற்றும் இடத்தில் நின்றார். அங்கிள் வேலை முடிந்து நேராக வந்து, உட்காராமல் பின் சுவரில் சாய்ந்து நின்றார்.

எல்லோரும் பேசினார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் இழுப்பு இருக்கிற ஒரு மலாய் அக்கா, மூடினால் தொழுது நன்றி சொல்வேன் என்றார். லோரி வைத்திருக்கிற அண்ணன் எழுந்தார். "மூடுங்க, வேணாங்கல. அங்க வேல செய்யற ஆளுங்க எங்க போவாங்க? கூரைமேல ஏறி கண்ணாடி தொடைக்கவா?" என்றார். முன்வரிசையில் இருந்த, குமாஸ்தா வேலையில் ஓய்வுபெற்ற கிராணியார், "அவங்க முடிவு பண்ணிட்டாங்க. நம்மள கேக்கறதெல்லாம் ஒரு மரியாதைக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். யாரோ பின்னாலிருந்து, "பில்லு ஏறாம இருந்தா எதுல ஓடுனாலும் சரி லா" என்று கத்தினார். அதற்குத்தான் அதிகமாகக் கைதட்டினார்கள்.

குழுவில் வந்தவர்கள் திரையில் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்களுக்குத் துணி போட்டிருந்தும் குழல் விளக்குகள் எல்லாம் எரிந்ததால் திரையில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. காலிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு என் பக்கம் வந்த ஆன்டி குனிந்து, "படம் ஓடுதாம், லைட்டும் எரியுதாம். யாருக்காவது புத்தி இருக்கா?" என்று முணுமுணுத்தார்.

அந்தக் குழுவின் பெண் மலாயில் நீளமாக ஒரு கேள்வி கேட்டாள். நிலக்கரி நிலையத்தைப் படிப்படியாக மூட நீங்கள் ஆதரவா என்பதுதான் கேள்வி. ஆன்டி கோப்பைகளிலேயே கவனமாக இருந்தார். அந்தப் பெண்ணோடு வந்த தமிழ்ப் பையன் ஒலிவாங்கியை வாங்கி, தமிழில் சுருக்கமாகக் கேட்டான்.

"அப்ப, மூடலாமா? மூடலாம்னா கை தூக்குங்க."

கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு ஆன்டி கையை உயரத் தூக்கினார்.

"மூடுங்க, மூடுங்க! எப்பவோ மூடிருக்கணும்!"

மண்டபமே சிரித்தது. சிலர் கைதட்டினார்கள். குழுவின் பெண் சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டாள். இத்தனை பாராட்டு எதற்கு என்று புரியாமலே ஆன்டியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சுவருக்குப் போய் எல்லா விளக்குகளையும் டக் டக் என்று மூடினார்.

இருட்டியதும் திரையில் இருந்த படம் பளிச்சென்று தெரிந்தது. அங்கிள் வேலை பார்க்கிற நிலையம். அதன்மேல் குறுக்காகப் பெரிய சிவப்புக் கோடு.

ஆன்டி சுவிட்சில் கை வைத்தபடியே அதைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் திரும்பிப் பின் சுவரைப் பார்த்தார். யாரோ விளக்கைத் திறந்தபோது அங்கிள் அங்கே இல்லை.

என் கையும் தூக்கியபடிதான் இருந்தது. நான் தெரிந்து தூக்கிய கை. என்னைப் பற்றி அங்கிள் அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. வீட்டில் அவர் ஆன்டியிடம் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான்: "நீயே சொல்லிட்ட." இதை ஆன்டியே என்னிடம் சொன்னார்.

"லைட்டுன்னுதான் நெனச்சேன்னு சொல்ல வேண்டியதுதானே ஆன்டி?"

"சொன்னேன் மா. தெரியும்னாரு. சாப்பிட்டுட்டு படுத்துட்டாரு."

அடுத்த சனிக்கிழமை பட்டப்பகலில் ஆன்டி வீட்டு வாசல் விளக்கு எரிந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்து உள்ளே போனேன். எல்லா அறைகளிலும் விளக்கு எரிந்தது. ஆளில்லாத அறைகளில் விசிறிகள் சுற்றின. யாரும் பார்க்காத டிவியில் யாரோ பாடினார்கள். ஆன்டி நடுவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன ஆன்டி இது?"

"எரியட்டும் மா. நம்ம எரிச்சாத்தான் அங்க ஓடும். எல்லாரும் மூடிட்டா அவங்களும் மூடிடுவாங்க லா."

நான் வழக்கமான விளக்கத்தை ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டினார். "தெரியும் லா" என்றார்.

மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கை வழக்கம்போல் சுவருக்குப் போனது. காலியாக இருந்த அறையின் விளக்கைத் திறந்தார். குழம்புக் கிண்ணத்தை நீட்டினார்.

"நீயும் கொஞ்சம் தொறந்து வை மா. அவருக்காக."

திறந்து வைத்தேன். சோலார் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவள், கரியை மூடச் சொல்லிக் கை தூக்கியவள், ஒரு காலி அறையில் நிலக்கரிக்காக விளக்கை எரியவிட்டேன். வெட்கமாகவும் இல்லை, பெருமையாகவும் இல்லை. தாமானில் சிரித்தார்கள். மூடு ஆன்டி தொற ஆன்டி ஆயிட்டாங்க என்றார்கள். அவருக்கு மறை கழன்றுவிட்டது என்றும் சொன்னார்கள். கல்யாண வீட்டில் இப்போது அவர் மேடை விளக்கைத் தொடவில்லை. எழுந்துபோன பந்திக்கு மேலே விசிறியைத் திறந்துவிட்டு வந்தார். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அடுத்த வருடம் நிலையத்தின் ஒரு பகுதியை நிறுத்தினார்கள். இது எங்கள் தாமான் தூக்கிய கைகளால் நடந்ததில்லை. எங்கேயோ எப்போதோ தீர்மானித்த விஷயம். கிராணியார் சொன்னதுதான் சரி. காண்ட்ராக்டர் ஆட்களைக் குறைத்தார். கீழே சிந்தியதை அள்ளுகிறவர்கள்தான் முதலில் வெளியே வந்தார்கள். வேறு வேலைக்குப் பயிற்சி தருவோம் என்று சொல்லியிருந்தார்கள். அங்கிளின் வயதைக் கேட்டுவிட்டு அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் கம்பெனியில் நான் கேட்டுப் பார்த்தேன். கூரை ஏறணும், இளவயசு ஆளா இருந்தா சொல்லு என்றார் பாஸ். லோரி அண்ணன் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

அங்கிள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வேலை முடிந்து வருகிற அந்த நேரம் ஆனதும் எழுந்து குழாயடிக்குப் போய்க் கை கால் முகம் கழுவினார். லோங்காங்கில் சுத்தமான தண்ணீர் ஓடியது. என் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்போது அடியில் சிமெண்டு தெரிந்தது. நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

அந்த வருடம் எனக்குப் பம்ப் அதிகம் தேவைப்படவில்லை. கரி குறைந்ததாலா, டாக்டர் மருந்தை மாற்றியதாலா, சொல்லத் தெரியாது. நிம்மதியாக மூச்சுவிட்டேன், அது உண்மை. அதை அந்த வீட்டில் போய் எப்படிச் சொல்வது? ஒரு நாள் காலையில் ஆன்டி பழக்கதோஷத்தில் ஓர் இலையைக் கிள்ளிச் சட்டை ஓரத்தில் துடைத்து நீட்டினார். சட்டை வெள்ளையாகவே இருந்தது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இலையை வாங்கி மென்றேன். இரைப்பே இல்லாமல் மென்றேன்.

அதற்குள் அவர் திறப்பதையும் விட்டிருந்தார், மூடுவதையும் விட்டிருந்தார். எரிகிற விளக்கு எரிந்தது. ஒன்று கெட்டுப்போனால் கெட்டபடியே கிடந்தது. இருட்டிய பிறகும் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். என் அம்மா போய் விளக்கைத் திறந்துவிட்டு வருவார். நீங்க கை தூக்கினதால ஒண்ணும் மூடல ஆன்டி, அவங்க ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க என்று நான் சொன்னேன். "தெரியும் லா" என்றார். அந்த வார்த்தையை அவர் இத்தனை வருடமும் எந்த அர்த்தத்தில் சொல்லிவந்தார் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று அர்த்தம்.

காஜாங்கில் இருந்த மகள் வந்து இருவரையும் தன்னோடு கூட்டிப்போக ஏற்பாடு செய்தாள். கிளம்புகிற அன்று காலையில் ஆன்டி சொல்லிக்கொள்ள வந்தார். கற்பூரவள்ளித் தொட்டியைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் கை சுவருக்குப் போனதைப் பார்த்தேன்.

"அந்த ரூம்ல யாரு?"

"யாரும் இல்ல ஆன்டி."

விரல் சுவிட்சின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. அப்போதுதான் எங்கள் கூரையில் சோலார் பலகைகள் பொருத்தி முடித்திருந்தோம். வரும்போது அண்ணாந்து பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"இப்ப உங்களுக்கு மேலேர்ந்துதான் வருதா?"

"பகல்ல மேலேர்ந்துதான் ஆன்டி. வெயில்லேர்ந்து."

"அங்க யாரு நிக்கறா?"

"யாரும் நிக்கறதில்ல. அது தானா வருது."

"யாரும் குனிய வேணாமா?"

"வேணாம் ஆன்டி."

அந்தக் காலி அறையை எட்டிப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப எரியட்டும்" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். வாசலில் மகளின் காரில் அங்கிள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு.